நாற்பத்துநான்காம் இலக்கம்

அவரை நல்லவர் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சீட்டாட்டத்தில் களவு செய்வார். மருந்துக் குளிசையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துப் பூச்சாடிக்குள் துப்புவார். சூப்பில் உப்பில்லை என்று சமையலறையோடு தினமும் சண்டை பிடிப்பார். காலுறையைப் பந்தாகச் சுருட்டி எறிந்து, சுவிஸில் ஓல்டன் நகரத்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடி விளக்கை உடைத்ததும் அவர்தான். ஆனால் நான் பார்த்த மனிதர்களுக்குள் தான் செய்த பிழைக்குத் தானே கையைத் தூக்கிய முதல் ஆள் அவர். அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

கையைத் தூக்குவது என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே தூக்குவார். சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு கோப்பை விழுந்து உடைந்தால் மற்றக் கிழவர்கள் பக்கத்துக் கதிரையைப் பார்ப்பார்கள். இவர் உடைத்திருந்தால் எழும்பி நின்று வலது கையை நேரே மேலே நீட்டுவார். ஆறரை அடி உயர மனிதர், கை கூரை விளக்கைத் தொடும். "நாப்பத்திநாலு!" என்று ஜெர்மன் மொழியில் உரத்துச் சொல்வார். புதிதாக வந்தவர்கள் லொத்தர் விளையாட்டு தொடங்கிவிட்டது என்று நினைத்துத் தங்கள் சீட்டைத் தேடுவார்கள்.

நாற்பத்துநான்கு அவர் பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து விளையாடியபோது போட்ட சட்டையின் இலக்கம். அவர் அமெரிக்காவின் தெற்கிலிருந்து வந்த கறுப்பர். அந்த நாளில் கூடைப்பந்தில் ஒரு விதி இருந்ததாம். யார் ஃபவுல் செய்தாரோ அவர் கையைத் தூக்கவேண்டும். ஓரத்தில் மேசை போட்டு இருப்பவர்கள் அதைப் பார்த்து, சரியான ஆளின் பேரில் பதிவார்கள். இப்போது அந்த விதி இல்லை. அவருக்கு மட்டும் இருந்தது.

அவரும் நானும் கதைத்தது உடைந்த ஜெர்மனில். இளம் வயதில் ஒரு கழகத்துக்கு விளையாட வந்து, இங்கே ஒரு பெண்ணைக் கட்டி, ரயில் பட்டறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். ஆனாலும் அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம். நாங்கள் கதைத்ததை இங்கே எங்கள் தமிழில் எழுதுகிறேன். நான் அவரை மிஸ்டர் என்பேன். குளிசை எடுங்கள், குளியுங்கள், கால் நீட்டுங்கள் என்று நாள் முழுக்கக் கட்டளை போடுவதால் அவர் என்னைக் கோச் என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, அவர் பிடித்து நடக்கும் தன் தள்ளுவண்டியை என் கால்விரலின் மேல் ஏற்றிவிட்டார். உயிர் போகிற நோ. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என்ட்ஷுல்டிகுங்." மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

இது எங்கள் ஆட்களின் வியாதி. இந்த நாட்டுக்கு வந்து இறங்கியதும் எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் முதலில் சொல்லித்தந்தது இந்தச் சொல்லைத்தான். "எது நடந்தாலும் முதல்ல இதைச் சொல்லிப்போடு, பிறகு யோசி" என்றார்கள். நாங்களும் சொன்னோம். ரயிலில் ஒருவன் காலை மிதித்தால் சொல்வோம். கடையில் மிச்சக் காசைப் பிழையாகத் தந்தால் சொல்வோம். அரசாங்கக் கந்தோரில் எங்கள் பெயரைக் கொத்துக்கறி போட்டு வாசித்தால் அதற்கும் சொல்வோம்.

அவர் வண்டியை நிறுத்தினார். கையைத் தூக்கினார்.

"நாப்பத்திநாலு. மிதிச்சது நான். நீர் ஏன் மன்னிப்புக் கேக்கிறீர்?"

"பழக்கம் மிஸ்டர்."

"சிகரெட்டை விடக் கெட்ட பழக்கம். நான் சிகரெட்டை விட்டனான். நீரும் விடும்."

அவர் சிகரெட்டை விட்டதும் பொய். மாடி வெளிப்புறத்தில் ஒளித்துப் பிடிப்பார். பிடிபட்டால் கை மேலே போகும்.

அவருடைய முழங்கால்களுக்குக் களிம்பு பூசும் நேரத்தில்தான் அவருடைய கதைகள் வரும். ஒழுங்காக வராது. ஒருநாள் பதினாறு வயது, மறுநாள் ஆறு வயது. அவருடைய ஊரில் கறுப்பர் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, அவரையும் இன்னும் சிலரையும் வெள்ளையர் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்களாம். வகுப்பில் பக்கத்துக் கதிரையில் யாரும் இருக்கவில்லை. கூடைப்பந்து அணியில் மட்டும் உடனே இடம் கிடைத்தது.

"ஏன்?" என்று கேட்டேன்.

"நான் உயரம். அவையளுக்கு வெல்ல ஆசை."

வெளியூர் ஆட்டம் முடிந்து வரும்போது பஸ்ஸைச் சாப்பாட்டுக் கடையில் நிறுத்துவார்களாம். மற்றவர்கள் உள்ளே போய் மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். இவருக்கு ஒரு கடதாசிப் பையில் பஸ்ஸுக்குள் வரும். பயிற்றுநர் கெட்டவர் இல்லையாம். பையைத் தானே கொண்டுவந்து கொடுத்து, "சாப்பாடு ஒண்டுதானே மோனை, எங்கை இருந்து சாப்பிட்டால் என்ன?" என்பாராம்.

இதை நான் சமையலறையில் போய்ச் சொன்னேன். அங்கே வேலை செய்யும் பரமேஸ் அக்கா மட்டக்களப்புக்காரி, இளகிய மனம். "இதென்னகா அநியாயம், விளையாட மட்டும் வேணும், சாப்பிட வேணாமா?" என்று கண் கலங்கினா. அங்கே வேலைக்கு நடுவே தேநீர் குடித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரும் தலையை ஆட்டினார். "வெள்ளைக்காரன் அப்பிடித்தான் பிள்ளை, நிறம் பாக்கிறவன்" என்றார்.

"அண்ணை, எங்கட சந்தித் தேத்தண்ணிக் கடையில என்ர அப்பருக்குச் சிரட்டையில குடுத்தது ஆர்? அதுவும் வெள்ளைக்காரனோ?" என்று கேட்டேன்.

அவர் தேநீரை முடிக்காமலே எழும்பிப் போனார். நான் இப்படிக் கதைப்பதால்தான் கோயில் திருவிழாவுக்கு யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை. கூப்பிடாவிட்டால் போகட்டும்.

மிஸ்டர் ஒரே ஒரு ஆட்டத்தைப் பற்றித்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த வருடத்தின் பெரிய ஆட்டம். கடைசி நிமிடங்கள். எதிரணிப் பெடியன் ஒருவன் கீழே விழுந்தான். நடுவர் ஊதினார், இவரைக் காட்டினார். இவர் அவனைத் தொடவே இல்லை. தள்ளியது இவருடைய அணியில் இருந்த ஒரு வெள்ளைப் பெடியன். அவனுக்கும் தெரியும். இவருக்கும் தெரியும். அவன் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"கையைத் தூக்கு" என்றார் நடுவர்.

இவர் தூக்கவில்லை.

பயிற்றுநர் ஓரத்தில் நின்று கெஞ்சினாராம். "தூக்கிவிடு மோனை, கைதானே!"

இவர் இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். நடுவர் தண்டனை கொடுத்தார். திரும்பவும் சொன்னார். இவர் அப்படியே நின்றார். வெளியே போ என்றார்கள். பார்வையாளர் பக்கத்திலிருந்து சில்லறைக் காசும் ஐஸ்கட்டியும் வந்து விழுந்தன. அணி தோற்றது. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவரும் இவரோடு கதைக்கவில்லை. அன்றைக்குக் கடதாசிப் பையும் வரவில்லை.

"பசிச்சதோ மிஸ்டர்?"

"நல்லாப் பசிச்சது. ஆனால் நல்லா நித்திரை கொண்டன்."

தள்ளிய அந்தப் பெடியன் பிறகு அந்த ஊரில் பெரிய ஆளாக வந்தானாம். ஒவ்வொரு நத்தாருக்கும், அதாவது கிறிஸ்மஸுக்கு, இவருக்கு வாழ்த்து அட்டை அனுப்புவான். பேரப்பிள்ளைகள், நாய் எல்லாம் இருக்கும் படம். அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. அட்டை வந்ததும் இவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பார். பிறகு மூலையில் போடுவார்.

இல்லத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தா. மார்ட்டி அம்மா என்று நாங்கள் சொல்லும் சுவிஸ் கிழவி, அவருடைய தோளில் பாதி உயரம். இருவரும் யாஸ் சீட்டாட்டத்தில் ஒரே கட்சி. இவர் களவு செய்வார், அவ முகத்தை அப்பாவிபோல வைத்திருப்பா. பின்னேரங்களில் அழுக்குத்துணி வண்டியை நடைபாதையின் முடிவில் நிறுத்திவிட்டு, இருவரும் சுருட்டிய காலுறையை அதற்குள் எறிவார்கள். விளக்கு உடைந்த பிறகு அது தடை. தடை போட்டது எங்கள் ஷெஃபின், அதாவது மாடிப் பொறுப்பாளர். நல்ல பெண், ஆனால் சத்தம் வந்தால் பயம்.

ஒருநாள் காலை மார்ட்டி அம்மாவுக்கு நான் சட்டை மாற்றும்போது இடது கையில் நீலமாகக் கண்டியிருந்தது. அவ இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை எடுப்பவ, தொட்டாலே கண்டிவிடும். "எப்பிடி வந்தது?" என்று கேட்டேன். அவ சன்னலுக்கு வெளியே மூடுபனியைப் பார்த்தா. நான் ஷெஃபினிடம் சொன்னேன். சொல்லவேண்டியது என் கடமை, சொன்னேன்.

பின்னேரம் மார்ட்டி அம்மாவின் மகள் வந்தா. முதல்நாள் தாயைக் குளிக்கவார்த்தது யார் என்று கேட்டிருக்கிறா. நான்தான் வார்த்தேன். போதும். நான் முரட்டுத்தனமாகப் பிடித்தேன் என்று முறைப்பாடு.

என்னுடைய வேலை அப்போது தற்காலிகம். அந்த மாத முடிவில் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை போனால் விசா புதுப்பிப்பதும் இழுபறியாகிவிடும். ஷெஃபின் என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னா. "ஒருவரும் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நாளைக்கு மகள் வரும்போது மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அதோடு முடிந்துவிடும்."

குற்றம் சொல்லவில்லையாம், ஆனால் மன்னிப்புக் கேட்கவேண்டுமாம்.

பரமேஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டா. "ஒரு சொல்லுத்தானே புள்ள, சொல்லிட்டு வா. நாங்க இஞ்ச சொல்லாத சொல்லா? வேல முக்கியம் மனே." வீட்டில் என் கணவரும் அதைத்தான் சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஒரு சொல்தானே. ஒரு நாளைக்கு நூறு தடவை சும்மா கொட்டுகிற சொல்.

மறுநாள் காலை மிஸ்டருக்குக் குளிசை கொண்டுபோனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குளிசையை ஒழுங்காக விழுங்கினார். அப்படி அவர் செய்ததே இல்லை.

"என்ன கோச்?"

யார், என்ன என்று ஒரு ஆளைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. "நான் ஒருவருக்கு நோகச் செய்தனான் எண்டு சொல்லீனம்" என்று மட்டும் சொன்னேன்.

"செய்தனீரோ?"

"இல்லை."

அவர் கோப்பையைத் திருப்பித் தந்தார். "தண்ணி இன்னும் கொஞ்சம் தாரும். குளிசை தொண்டையில நிக்குது." அறிவுரை சொல்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அலுவலக அறையில் மகள் கால்மேல் கால் போட்டு இருந்தா. ஷெஃபின் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினா, தொடங்கு என்று. அந்தச் சொல் என் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. நான் என் இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டேன்.

"நான் செய்யவில்லை. கண்டல் இருப்பதைச் சொன்னதே நான்தான். மன்னிப்புக் கேட்கமாட்டேன்."

மகளின் முகம் சிவந்தது. "இவர்களுடைய கைகள் இனி என் அம்மாவில் படக்கூடாது" என்று ஷெஃபினிடம் சொன்னா. என்னிடம் சொல்லவில்லை. நான் அறையில் இல்லாததுபோல. 'இவர்களுடைய' என்றால் யாருடைய என்று நான் கேட்டேன். ஷெஃபின் என்னை மூன்றாம் மாடிக்கு மாற்றினா. நிரந்தர வேலையைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்றா. பிறகு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன்.

வீட்டில் சண்டை. கணவர் இரண்டு நாள் கதைக்கவில்லை. ஆனால் நான் நன்றாக நித்திரை கொண்டேன். அவர் சொன்னது உண்மைதான்.

சாப்பாட்டு மண்டபம் எல்லா மாடிக்கும் பொது. ஞாயிறு மதியம் நான் சூப் பரிமாறிக்கொண்டிருந்தேன். மகள் தாய்க்குப் பக்கத்தில் இருந்து இறைச்சியை வெட்டிக்கொடுத்தா. மிஸ்டர் அதே மேசையில், வழமையான கதிரையில். மகள் தாயின் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்துவிட்டு, மண்டபத்துக்கே கேட்கச் சொன்னா: "இப்போது மங்குகிறது அம்மா. அந்தத் தமிழ்ப் பெண்ணை உங்கள் மாடியில் இருந்து எடுக்கச் செய்துவிட்டேன். இனி யாரும் உங்களை இப்படி நசிக்கமாட்டார்கள்."

மிஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அகப்பையோடு நின்ற என்னைப் பார்த்தார். கரண்டியை வைத்தார். மேசையைப் பிடித்து எழும்பினார். அவருடைய முழங்கால்களுக்கு அது சின்ன வேலை இல்லை.

கை மேலே போனது.

"நாப்பத்திநாலு. நான்தான் பிடிச்சது. அந்தப் பிள்ளை இல்லை."

மகள் எழும்பினா. "நீங்களா? ஏன் என் அம்மாவைப் பிடித்தீர்கள்?"

அவர் கையை இறக்காமல் நின்றார். மார்ட்டி அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தா. காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை. அவர் தன்னுடைய பங்கை மட்டும் சொன்னார். அடுத்தவர் பங்கைச் சொல்லும் உரிமை தனக்கு இல்லை என்பது அவருடைய கணக்கு.

ஷெஃபின் என்னிடம் வந்து, "அப்போ அது தெளிவாகிவிட்டது" என்றா. வேறொன்றும் இல்லை. நான் என் மாடிக்குத் திரும்பினேன். மாத முடிவில் வேலை நிரந்தரமானது. அதற்கான விலையை அவர் கொடுத்தார். மகள் கேட்டபடி அவரைத் தாயின் மேசையில் இருந்து எடுத்து, சன்னலோரம் ஒற்றைக் கதிரையில் இருத்தினார்கள். "சமாதானத்துக்காக" என்றா ஷெஃபின். யாஸ் ஆட்டம் நின்றது. அழுக்குத்துணி வண்டி சும்மா நின்றது. சூப்பில் உப்பில்லை என்றுகூட அவர் சொல்லவில்லை. தட்டுகள் பாதியோடு திரும்பின. பரமேஸ் அக்கா அவருக்கென்று தனியாக மிளகாய்த்தூள் போட்டுப் பார்த்தா. அதுவும் திரும்பியது.

"மிஸ்டர், சொல்லுங்கோவன். ஏன் பிடிச்சனீங்கள்?" என்று களிம்பு பூசும்போது கேட்டேன்.

"நான் பிடிச்சன். அது என்ர. மிச்சம் என்ர இல்லை."

"தனிய இருக்கிறீங்களே."

"முந்தியும் இருந்தனான். பஸ்ஸில." சொல்லிவிட்டு முழங்காலை இழுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மார்ட்டி அம்மாவில்தான் கோபம். காலையில் சட்டை மாற்றும்போது நான் அவவோடு ஒரு சொல் கதைப்பதில்லை. பொத்தான்களைப் பூட்டிவிட்டுப் போய்விடுவேன். அவ என் முகத்தைப் பார்ப்பா, நான் பார்க்கமாட்டேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: "அவர் சாப்பிடுறேல்லை. தெரியுமோ?" ஷெஃபின் கேட்டிருந்தால் எனக்குக் கிழித்திருப்பா. கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு. அதே மண்டபம், அதே மகள், அதே இறைச்சி. மகள் வெட்டிக்கொடுத்த துண்டை மார்ட்டி அம்மா வாயில் வைக்கவில்லை. கதிரையின் கைப்பிடியில் ஊன்றி எழும்பினா. எழும்பியும் பெரிய வித்தியாசம் இல்லை, அவ்வளவு சின்ன உருவம். இடது கையைத் தூக்கினா. கண்டல் இருந்த கை. தோளுக்கு மேலே அது போகாது, எனக்குத் தெரியும், தினமும் சட்டை போட்டுவிடுகிறவள் நான். அன்றைக்குக் காதைத் தாண்டிப் போனது.

"நாப்பத்தைஞ்சு!" என்றா.

"அம்மா, இருங்கள்" என்றா மகள்.

"இருக்கமாட்டேன். நான்தான் காலுறை எறியக் கூப்பிட்டேன். நான்தான் துள்ளினேன். விழப்போனேன். அவர் பிடித்திருக்காவிட்டால் என் இடுப்பு உடைந்திருக்கும். யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கெஞ்சியதும் நான்தான். உனக்குத் தெரிந்தால் என்னை மறதிக்காரரின் பூட்டிய பிரிவுக்கு அனுப்பிவிடுவாய் என்று பயந்தேன். இப்போது அனுப்பு."

மகள் இறைச்சிக் கத்தியைத் தட்டில் வைத்தா. ஷெஃபின் தரையைப் பார்த்தா. மார்ட்டி அம்மா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் குறுக்கே சன்னல்பக்கம் நடந்தா. மெதுவாகத்தான். ஒருவரும் கரண்டியைத் தூக்கவில்லை. நான் ஓடிப்போய் இரண்டாவது கதிரை ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

மிஸ்டர் அவவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"கோச், மேசையில இருந்து பதியிறவைக்குத் தெரிஞ்சுதோ?"

"தெரிஞ்சுது மிஸ்டர். எல்லாருக்கும் வடிவாத் தெரிஞ்சுது."

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒரு வாய் சூப் குடித்தார். "உப்பில்லை" என்றார்.

மார்ட்டி அம்மாவை எங்கும் அனுப்பவில்லை. இருவரும் பிறகும் களவுச் சீட்டு ஆடினார்கள், அவர் போகும்வரை. நிமோனியா வந்து, குளிர்காலம் முடிய முன்னம் போய்விட்டார். அந்த நத்தாருக்கும் அட்டை வந்தது. நாய் மாறியிருந்தது, எழுத்து மாறவில்லை. மகள் இன்றைக்கும் ஞாயிறுகளில் வந்து என்னைத் தாண்டிப் போகிறா. ஷெஃபின் காலை வணக்கம் சொல்கிறா. இருவரும் என்னிடம் கை தூக்கவில்லை. தூக்கத் தெரிந்தவர்களோடு பழகியவள் நான். தூக்காதவர்கள் எனக்குச் சின்ன ஆட்களாகத்தான் தெரிகிறார்கள்.

நான் அந்த வியாதியை விட்டுவிட்டேன். ஓல்டன் நிலையத்தில் மேடைக்கு இறங்கும்போது யாராவது என் காலை மிதித்தால் வாயைத் திறப்பதில்லை. அந்த ஆளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்துக்கொண்டு நிற்பேன். பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். சொல்லாதவர்களுக்காக நின்று ரயிலைத் தவறவிட்டிருக்கிறேன். போகட்டும். ஓல்டனில் அடுத்த ரயிலுக்கா பஞ்சம்.